குறை சொல்லி விற்ற அக்கா

என் இரண்டு காதும் செத்துவிட்டன என்று நம்பினேன். நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனிதன் நம்பக்கூடிய முட்டாள்தனங்களில் இது பெரியதல்ல. அதற்கு அடுத்ததுதான் என் சாதனை. செத்த காதைச் சோப்புப் பெட்டி அளவிலான ஓர் ஆம்ப்ளிஃபயர் எழுப்பிவிடும் என்றும் நம்பினேன். டாக்டரிடம் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயம். அதனால் ஹட்டன் பஜாரில், உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாத ஒரு கடைக்கார அக்காவிடம் போனேன். என் புத்தியின் லட்சணத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த அக்காவின் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பேக்கரிக்கு மேல்மாடியில் கடை. படி ஏறும்போது பாண் வாசனை கூடவே ஏறி வரும். அவருடைய கணவர் இருந்த காலத்தில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர்கள். அவர் போன பிறகு அக்கா பெரிய குழாய்களையெல்லாம் விற்றுவிட்டு, மேசையில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர், ஹெட்போன், அதற்கான ஆம்ப்ளிஃபயர், வயர் என்று கடையைச் சுருக்கிக்கொண்டார். இப்போது அந்த இடத்தில் போன் உறைகள் தொங்குகின்றன. அக்கா மகளோடு கண்டிக்குப் போய்விட்டார். அங்கே கண்டியின் குறைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஏனென்றால் அவர் எதை விற்றாலும் அதன் குறையைத்தான் முதலில் சொல்வார். கண்ணாடி அலுமாரியிலிருந்து பொருளை எடுத்து, துணியால் துடைத்து, மேசைமீது வைத்து, கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு சொல்வார்:

"மொதல்ல இதோட கொறையச் சொல்லிர்றேன். அதத் தாங்க முடியும்னா மத்தத பேசுவோம்."

ஒருமுறை நான் வயர் வாங்க நின்றபோது, புதிதாகக் கல்யாணமான ஒருவர் கலர் கலராக மின்னும் ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் காட்டிக் கேட்டார். அக்கா அதைப் போட்டுக் காட்டினார். சிவப்பு, பச்சை, நீலம். மாப்பிள்ளையின் முகமும் அதே வரிசையில் மாறியது. "இதுல லைட்டு நல்லா இருக்கும். பாட்டுத்தான் சுமார். கண்ணுக்கு வாங்குறீங்களா, காதுக்கு வாங்குறீங்களா?" என்று கேட்டார் அக்கா. மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு கண்ணுக்கு என்றார். "அப்ப நல்ல சாமான்தான், எடுத்துக்குங்க" என்று பொதி கட்டிக் கொடுத்துவிட்டார். அவருக்கு அதில் நக்கல் ஒன்றும் இல்லை. எதற்கு என்று தெரிந்து வாங்கினால் போதும்.

அக்காவின் மகளைப் பெண் பார்க்க வந்த கதை ஹட்டன் முழுக்கத் தெரியும். தட்டில் பலகாரம் வைத்த கையோடு அக்கா ஆரம்பித்தாராம்: பிள்ளை காலையில் எட்டு மணிக்கு முன் எழும்பமாட்டாள், கோபம் வந்தால் இரண்டு நாளைக்குப் பேசமாட்டாள், ரசம் வைத்தால் நீங்கள்தான் உப்புப் போட்டுக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா கையில் எடுத்த பலகாரத்தைத் திரும்பத் தட்டில் வைத்தாராம். பிறகு அவரும் தன் மகனைப் பற்றி ஆரம்பித்திருக்கிறார். தூக்கத்தில் குறட்டை, செலவில் கஞ்சத்தனம், மாமா ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு அம்மாக்களும் மாறி மாறிச் சொல்லி முடித்தபோது தேநீர் ஆறவில்லையாம், சம்பந்தம் முடிந்திருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும்தான் ஒருவரை ஒருவர் பயத்தோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பார்கள்.

இந்தக் குணத்தால் அவருக்கு வியாபாரம் பெருகவில்லை. கீழே நாலு கடை தள்ளி இன்னொரு கடை உண்டு. அங்கே எல்லாமே 'நம்பர் வன்'. ஆனால் அக்காவுக்கு ஒரு பெருமை இருந்தது, ஒன்றே ஒன்று. தன் கடையில் விற்ற சாமான் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. குறையைக் கேட்டுக்கொண்டு வாங்கியவன் எந்த முகத்தோடு திரும்பி வருவான்?

அந்தப் பெருமையைக் கெடுத்தவன் நான்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்று.

நான் முன்பு ஹட்டனில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன், பிறகு கம்ப்யூட்டரில் தட்டியவன். அச்சகம் மூடியதும் வீட்டிலிருந்து செய்ய ஒரு வேலை கிடைத்தது. கொழும்பில் ஓர் அலுவலகம் மலையகத்துப் பெரியவர்களிடம் அவர்களுடைய வாழ்க்கைக் கதைகளைப் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தது. அங்கிருந்த தட்டச்சுக்காரர்களுக்கு நம் ஆட்களின் பேச்சு பாதி பிடிபடவில்லை. எனக்குப் பிடிபடும். கேட்டு எழுதிக் கொடுப்பதுதான் வேலை. முதலில் பரீட்சைக்கு இரண்டு கட்டாக ஒலிப்பதிவு அனுப்பினார்கள். நன்றாகச் செய்தால் மொத்த வேலையும் எனக்கு. இரண்டு வருடத்துக்குச் சோறு. இல்லாவிட்டால் பதுளையில் இன்னொருவர் தயாராக இருக்கிறாராம்.

முதல் கட்டை அனுப்பினேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் 'கேட்கவில்லை', 'தெளிவில்லை' என்று அடைப்புக்குறி போட்டிருந்தேன். பல்லுப் போன வாய்போல இருந்தது எழுத்து. அவர்கள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்: அடுத்த கட்டும் இப்படியே வந்தால் பதுளைக்காரரிடம் கொடுத்துவிடுவோம். ஆறு நாள் தவணை.

மறுபடி வேலைக்கு உட்கார்ந்தேன். ஹெட்போனைப் போட்டுக் கேட்டால் மனிதர்கள் தலையணைக்கு அடியில் பேசுகிறார்கள். வேறென்ன, காதுதான். உடனே பரிசோதனையில் இறங்கினேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்தேன். கேட்டது. ஆனால் அது கேட்கிறதா, எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று சந்தேகம். மனைவியை லீக்ஸ் பாத்திக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லி, மெதுவாக ஏதாவது பேசு என்றேன். அவள் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பயந்துபோய் என்ன சொன்னாய் என்றேன்.

"அரிசி முடிஞ்சிருச்சுன்னேன். இது நல்ல காது இருந்தப்பவும் ஒங்களுக்குக் கேட்டதில்லயே" என்றாள்.

மறுநாள் ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன்.

அக்காவிடம் காது விஷயத்தைச் சொல்லவில்லை. ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் வேண்டும், விலை குறைவாக, சத்தம் கூடுதலாக என்று மட்டும் சொன்னேன். அக்கா மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பாக, சோப்புப் பெட்டிபோல. இன்னொன்றில் இரண்டு முள் துள்ளும் மீட்டர். மூன்றாவதில் கண்ணாடிக் குழாய் ஒன்று ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருந்தது. எனக்கு அந்தக் கனலைப் பார்த்ததும் காதுக்கே சூடு வந்த மாதிரி இருந்தது. அது வேண்டும் என்று கை காட்டினேன்.

"மொதல்ல கொறை. இந்தக் கொழாய் நம்ம குளிருக்கு நல்லது, கை காயலாம். பேச்சு கேக்குறதுக்கு இது எதுக்குத் தம்பி?" என்றார் அக்கா. முள் துள்ளுவதைப் பற்றி, விலையில் பாதி முள்ளுக்கு என்றார். கடைசியில் கறுப்புப் பெட்டியைத் தட்டி, "இது அழகில்ல. லயத்துக் கரண்டுல போட்டா லேசா முனகும். உள்ள போறதத்தான் பெருசாக்கும், இல்லாதத உண்டாக்காது. இது மூணும் சம்மதம்னா இது போதும்" என்றார்.

இல்லாததை உண்டாக்காது. அந்த ஒரு வாக்கியத்தில் என் மொத்த வியாதியும் மருந்தும் இருந்தன. நான் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவினேன்: கூடவே ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர் மாற்றினால் என்ன? வீட்டில் இருப்பது பழசு.

"லயத்துலதானே இருக்கீங்க?"

ஆமாம் என்றேன். நோர்வூட் பக்கத்துத் தோட்டம். ஒரே கூரைக்கு அடியில் வரிசையாகப் பத்து வீடு. சுவர் மேலே கூரை வரைக்கும் போகாது. நான் தும்மினால் நாலாவது வீட்டில் 'நூறு' என்பார்கள்.

"அப்ப ஸ்பீக்கர் ஒங்களுக்கு வாங்குறதில்ல, லயத்துக்கு வாங்குறது. வேணாம்" என்று அலுமாரியைப் பூட்டிவிட்டார்.

கறுப்புப் பெட்டியைச் சோதிக்க ஹெட்போனை மாட்டிவிட்டார். பாட்டு எதுவும் போடவில்லை. பாட்டில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. தன் போனில் தானே பதிவு செய்து வைத்திருந்த ஹட்டன் பஸ் நிலையத்துக் காலை நேரத்தைப் போட்டார். இடது பக்கம் ஒரு கண்டக்டர் வலப்பனை, வலப்பனை என்று கூவுகிறார். வலது பக்கம் பஸ் ஒன்று உறுமுகிறது. இரண்டுக்கும் பின்னால், வெகு தூரத்தில், யாரோ கடலை விற்கிறார். கடலைக்காரர் நிற்கிறாரா, நடக்கிறாரா என்று கேட்டார் அக்கா. நடக்கிறார், இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் என்றேன். எனக்கே அழுகை வந்துவிடும்போல இருந்தது. கேட்கிறது. பெட்டி என் காதை எழுப்பிவிட்டது.

"இப்ப பெட்டி இல்லாம ஒருக்கா கேட்டுப் பாருங்க. வித்தியாசம் தெரியணும்ல."

வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன். பெட்டி இல்லாமல் ஒன்றும் கேட்காமல் போனால் கடையில் வயர் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பேருக்கும் என் காது போன விஷயம் தெரிந்துவிடுமே. அக்கா என்னை ஒருமாதிரி பார்த்தார். வாங்குபவர் வேண்டாம் என்கிறார், விட்டுவிட்டார். அன்றைக்கு அந்த ஒருமுறை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியை மாட்டினேன். தலையணைக்கு அடியில் பேசியவர்கள் இப்போது தலையணைக்கு அடியில் மழையில் பேசினார்கள். குமிழைத் திருகத் திருக மழை இரைச்சல்தான் கூடியது. நாலு நாள் பாக்கி.

காது முற்றாகப் போய்விட்டது, கடையில் கேட்டது மனப்பிரமை என்று முடிவு கட்டினேன். அப்புறம் இன்னொரு முடிவு: இல்லை, கம்ப்யூட்டர்தான் செத்துக்கொண்டிருக்கிறது. காதைக் கழற்றிக்கொண்டு போக முடியாது, கம்ப்யூட்டரைக் கழற்றலாம். கம்ப்யூட்டரையும் அதன்மேல் கறுப்புப் பெட்டியையும் பழைய போர்வையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். ஓர் அம்மா எழுந்து இடம் கொடுத்தார். நன்றி சொல்லி உட்கார்ந்தேன். சற்று நேரத்தில், பிள்ளைக்கு என்ன காய்ச்சலா என்று கேட்டார். விளக்கம் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. ஆமாங்க, சத்தமே போட மாட்டேங்குது என்றேன். ஹட்டன் வரும்வரை அந்த அம்மா கை வைத்தியம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடையில் போர்வையை விரித்ததும் அக்காவின் முகம் மாறியது. நான் கொண்டுவந்த கம்ப்யூட்டரைப் பார்த்து அல்ல, அதன்மேல் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்து.

"திருப்பிக் கொண்டாந்திட்டீங்களா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "என் கடைக்குச் சாமான் திரும்பி வந்ததில்ல தம்பி. என்ன கொறைய நான் சொல்லாம விட்டேன்?"

ஒரு மனிதரின் இத்தனை வருடத்துப் பெருமையைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமீது போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. போர்வையை மடிக்கத் தொடங்கினேன். அவர் தன்னுடைய திரையை என் கம்ப்யூட்டரில் இணைத்து, ஓர் ஒலிப்பதிவைத் திறந்து, ஹெட்போனைத் தன் காதில் வைத்துக் கேட்டார். நெற்றி சுருங்கியது. பிறகு திரையின் மூலையில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டைப் பார்த்தார். அது அடியோடு அடியாக, ஒரு மயிரிழை மட்டும் மேலே நின்றது.

"இது யாரு வச்சது?"

நான்தான் என்றேன்.

"தெரிஞ்சேவா?"

தெரிந்துதான்.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் என் சாமானோட கொறையெல்லாம் சொன்னேன். நீங்க ஒங்க கொறையச் சொல்லல பாருங்க. இப்ப சொல்லுங்க."

சொன்னேன். பக்கத்து வீட்டு மாமா இறந்து பத்து நாள் ஆகிறது. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். லயத்தில் ஒரு சாவு என்றால் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை எந்த வீட்டிலும் ரேடியோ, டீவி, பாட்டு எதுவும் கிடையாது. எனக்கோ வேலைத் தவணை. ஹெட்போனில் கேட்டால் யாருக்கும் தெரியாது என்று இரண்டாம் நாளே உட்கார்ந்தேன். ஹெட்போன் வயர் கம்ப்யூட்டரில் சரியாகச் செருகவில்லை. சத்தம் பழைய ஸ்பீக்கரில் போனது. அந்தப் பதிவில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளி. வெள்ளைக்காரத் துரை கானுக்குள், தேயிலை நடுவே ஓடும் வடிகாலுக்குள், விழுந்த கதையைச் சொல்லிவிட்டு, வயிறு குலுங்கச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு சுவர் ஏறி, கூரைக்கு அடியில் ஓடி, சாவு வீட்டில் போய் இறங்கியது. அங்கே அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் வயரைப் பிடுங்குவதற்குள் அவர் இரண்டாம் முறையும் சிரித்துவிட்டார்.

அன்றைக்கே சத்தத்தை அடிவரைக்கும் இறக்கினேன். வயர் மறுபடி நழுவினாலும் வெளியே ஒன்றும் கேட்கக்கூடாது. அதன் பிறகு அந்தக் கோட்டைத் தொடவே கை வரவில்லை. ஹெட்போன் காதில் இருக்கும்போதுகூட, கூட்டினால் செத்துப்போன மாமாவின் மனைவி, அத்தைக்குக் கேட்டுவிடும் என்றே தோன்றும். கொஞ்ச நாளில் இறக்கி வைத்ததே மறந்து, கேட்கவில்லை என்பது மட்டும் மிஞ்சியது. அத்தையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. முகத்தைப் பார்க்கப் பயந்து, தண்ணீர் பிடிக்கக்கூடப் பின்பக்கமாகப் போய் வருகிறேன்.

எல்லாவற்றையும் கேட்ட அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"காதுல மாட்டிக்கிட்டு யாருக்குத் தம்பி பயப்படுறீங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு கம்ப்யூட்டரின் சத்தத்தை முக்கால்வாசிக்குத் தூக்கி, கறுப்புப் பெட்டியின் குமிழைக் குறைத்து, ஹெட்போனை என் தலையில் மாட்டினார். மழை நின்றுவிட்டது. ஒரு பாட்டி கொழுந்துக் கூடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"காது நல்லாத்தான் இருக்கு" என்றார் அக்கா. காதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

பெட்டியைத் திருப்பித் தருவதா, வைத்துக்கொள்வதா என்று கேட்டேன். அவருக்கு அது பெரிய சங்கடம். அவருடைய நேர்மைப்படி அது எனக்குத் தேவையில்லை என்று சொல்லியாக வேண்டும். அவருடைய பெருமை அது கடைக்குத் திரும்பக்கூடாது என்றது. இரண்டு முறை பெட்டியைத் துடைத்தார்.

"இது இல்லாமலும் ஒங்க வேல நடக்கும். அது உண்மை. வச்சுக்கிட்டா மெதுவாப் பேசுறவங்க வர்ற எடத்துல கையிலேயே கூட்டிக்கலாம். அதுவும் உண்மை."

வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் மூச்சு விட்டது கீழே பேக்கரிவரை கேட்டிருக்கும்.

"வீட்டுக்குப் போயி மொத வேலையா அந்தப் பழைய ஸ்பீக்கர் வயரக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில போடுங்க. நழுவுனாலும் சத்தம் போறதுக்கு எடம் இருக்கக்கூடாது. ரெண்டாவது வேலையா அந்தம்மாகிட்டப் போங்க. மொதல்ல கொறையச் சொல்லுங்க."

வயரை உடனே கழற்றினேன். இரண்டாவது வேலைக்கு மறுநாள் மத்தியானம்வரை தைரியம் வரவில்லை. போனேன். அத்தை இஸ்தோப்பில், வீட்டு முகப்பில், பாயில் உட்கார்ந்திருந்தார். தப்பு என்னுடையது, வேலை விஷயமாக ஒருவர் பேசிய பதிவு அது, வயர் நழுவிவிட்டது என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அத்தை பாயில் கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் விட்டார்.

"ஒங்க மாமாவும் அப்பிடித்தான் சிரிப்பாரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கானுக்குள்ள விழுந்த தொரை எழும்புனானா?" என்று கேட்டார்.

இன்னும் அந்த இடம் வரைக்கும் எழுதவில்லை, எழுதிவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலமே சொன்னேன். துரையை நாலு பேர் தூக்க வேண்டியிருந்ததாம். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மிச்சமிருந்த நாட்களில் இரண்டாவது கட்டை முடித்து, முதல் கட்டையும் திருத்தி, இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம். அதில் என் குறையைத்தான் முதலில் எழுதினேன்: சாவு வீடு, சிரிப்பு, இறக்கி வைத்த சத்தம், கேட்காத காது எல்லாம். ஒன்றரைப் பக்கம் வந்தது. அனுப்பிவிட்டு இரண்டு நாளும் அதன் நகலைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. வேலை எனக்குத்தான். என் கடிதத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, பதுளைக்காரரைப் பற்றித்தான் இருந்தது. பதுளைக்காரர் எங்கள் லயத்தில் சாவு விழுந்த அந்த வாரமே, வேறு வேலை கிடைத்துவிட்டது என்று விலகிவிட்டாராம். எனக்கு எச்சரிக்கை எழுதியவருக்கு அது அப்போது தெரியாதாம்.